குழாய் ஊதினால் ஒதுங்கி நில்லுங்கள்

எனக்குப் பதிலாக வேலைக்கு வரும் நீங்கள் மூவரும் இந்தக் கொட்டகைக்கு வந்து சேரும்போது ஆடிக்காற்று தொடங்கியிருக்கும். முதல் நாளோ இரண்டாம் நாளோ, மேற்கே மரவள்ளிக் காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். யாரோ மண்ணுக்கு அடியில் வாயை மூடிக்கொண்டு முனகுவது போலிருக்கும். அப்போது இங்கே வேலை செய்யும் எல்லோரும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, விமானத்தின் முன்பக்கத்திலிருந்து விலகிப் போவார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிரித்துவிடாதீர்கள். நீங்களும் விலகுங்கள். காரணத்தை நான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

பணி அனுபவம் எழுதும் வயதா உனக்கு என்று யாரும் கேட்கலாம். முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் விமானப் பொறியியல் படித்துவிட்டு இந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் இத்தனை நாள் நின்றவள் நான் ஒருத்திதான். அடுத்த வாரம் வேறு ஊர், வேறு வேலை. ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது என்பதை ரத்தினவேல் அய்யா முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்தப் புள்ள கால்ல சக்கரம் கட்டீட்டு வந்திருக்குது. இருக்கற வரைக்கும் வேலை வாங்கிக்கோணும்."

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரிக் வண்டிகள் வைத்து வடநாடு முழுக்கப் போர்வெல் போட்டவர். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில், ரிக் நிறுத்தியிருந்த, மேற்குப் பக்கம் திறந்த தகரக் கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். பறக்க அனுமதி இன்னும் வரவில்லை. அதுவரை தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதோடு சரி. மண்ணுக்குள் போனது போதும், கொஞ்சம் மேலேயும் போய்ப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு.

கொட்டகைக்கு மேற்கே அவரே போட்ட போர் ஒன்று இருக்கிறது. ஆழமாகப் போட்டும் தண்ணீர் வரவில்லை. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று குழாயின் வாயை இரும்புத் தகடு வைத்து மூடிவிட்டார். தகட்டில் போல்ட் போட விட்ட ஓட்டை ஒன்று அப்படியே நின்றுவிட்டது. காற்று அந்த ஓட்டையின் மேல் அடித்தால் குழாய் ஊதும். "தண்ணிதான் குடுக்கல. சத்தமாச்சும் குடுக்குதுன்னு உட்டுட்டேன்" என்பார்.

இனி செல்ஃப் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஸ்டார்ட்டர் என்று படித்திருப்பீர்கள். இங்கே லாரிக்காரர் பேச்சில் அது செல்ஃப். புரொப்பெல்லர் இங்கே விசிறி. பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் விமானத்துக்கு செல்ஃப் கிடையாது. விசிறியின் இறக்கையைக் கையால் பிடித்து இழுத்துவிட்டு விலக வேண்டும். ஒரு காலையில் எஞ்சின் பின்பக்கமாக உதைத்து, இறக்கை அய்யாவின் மணிக்கட்டில் அடித்தது. எலும்பு விரிசல் விட்டது. மாவுக்கட்டோடு வந்தவரிடம் அவர் மனைவி பூங்கொடி அக்கா கத்தவில்லை. சாணைக்கல் ஓடிக்கொண்டிருந்த கொட்டகையின் நடுவில் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஏனுங்க, ஓடற வண்டிக்கெல்லாம் செல்ஃபு வெச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் உங்க கைதான் செல்ஃபா?"

சாணைக்கல் நின்றது. செல்ஃப் வைப்பது முடிவானது.

வேலைக்கு வந்தவர் சேகர் அண்ணன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ஒயரிங் செய்பவர். வெறும் சேஸிஸாக வரும் லாரியை ஹார்ன், விளக்கு, பாட்டு என்று உயிரோடு அனுப்புகிறவர். என்னை 'பைலட்டம்மா' என்று கூப்பிடுவார். "பைலட்டம்மா, இதுக்கு ஏர்-ஹார்ன் வெக்கலீங்களா? மேல போகையில காக்கா குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

எப்படிப் பொருத்தினோம் என்பதை விட்டுவிடுகிறேன். அதற்குப் படங்கள் இருக்கின்றன. இரண்டு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று: ரிக்கின் லீவரைப் போலக் கைக்கு வாகாக இருக்க வேண்டும் என்று அய்யா கேட்டதால், செல்ஃப் பட்டனை, பைலட் பிடித்து விமானத்தைத் திருப்பும் கன்ட்ரோல் ஸ்டிக்கின் தலையில் வைத்தோம். அதன் ஒயர் ஸ்டிக்கின் வழியாகக் கீழே இறங்கிப் போனது. இரண்டு: அந்த ஒயர் விமானத்தின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் போதும், செல்ஃப் சுற்றும். பட்டன் செய்வதும் அந்தத் தொடுதலைத்தான். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிள், லாரியில் இருப்பது போல எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருந்தது. மெயின் சுவிட்ச் விளக்கையும் ரேடியோவையும்தான் அணைக்கும். பார்க்க அவ்வளவு சுத்தமான வேலை. எல்லோரும் தட்டிக்கொடுத்தோம்.

முதல் முறை பட்டனை அழுத்தி எஞ்சின் பிடித்தபோது, பக்கத்துப் பண்ணையில் கத்திக்கொண்டிருந்த கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடின. அய்யா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலை. முந்தின மாலை விசிறியைப் படுக்கை வசமாக நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். வந்து பார்த்தால் நெட்டுக்குத்தாக நிற்கிறது. சேகர் அண்ணனைக் கேட்டேன்.

"நான் எதுக்குங்க தொடறேன்? எனக்குக் கை ரெண்டும் வேணும்."

அன்று சாயங்காலம் மறுபடி படுக்கையாக நிறுத்தினேன். காலையில் சாய்வாக நின்றது. காவலுக்கு இருந்தவர் கொட்டகைப் பக்கமே வரவில்லை என்று சத்தியம் செய்தார். எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு, எவ்வளவு காற்றடித்தாலும் விசிறி தானாகத் திரும்பாது. பிடித்துத் தள்ளினாலே முக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் கண்ணால் பார்த்தேன். மற்றவர்கள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். வெயில் தகரத்தை முறுக்கும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. மேற்கே குழாய் ஊதத் தொடங்கியது. மெதுவாக, பிறகு கனமாக. ஒரு வாய்ச் சோற்றை எடுத்திருப்பேன். 'டக்' என்றது. எனக்கு எதிரே விசிறி கால் சுற்று திரும்பி, நின்றது.

விமானத்துக்குள் யாரும் இல்லை. சாவி என் சட்டைப்பையில். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று மூளை சொன்னது. ஆனால் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழாய் ஊதி ஓயும் வரை, திரும்பிப் பார்த்த ஒரு முகத்தைப் பார்ப்பது போல அந்த விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் திரும்பி வந்ததும் சொன்னேன்; கொட்டகையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சேகர் அண்ணன் கருவிப் பெட்டியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். அய்யா, "எத்தனை குழி போட்டிருக்கேன். எந்தக் குழியும் எம்மேல கோவிச்சதில்ல" என்றார். ஆனால் மெதுவாகச் சொன்னார். பூங்கொடி அக்காதான் மேற்கே பார்த்தபடி சொன்னார்: "அந்தக் குழிக்கும் இதுக்கும் என்னமோ பேச்சு இருக்குது."

நான் மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எப்போது சோதித்தேன்? காற்று இல்லாத காலை நேரத்தில். குழாய் ஊதும்போது நானும் மற்றவர்களைப் போலத் தள்ளித்தான் நின்றேன். படித்தவள் என்பதால் கொஞ்சம் கௌரவமாகத் தள்ளி நின்றேன், அவ்வளவுதான். இதை மட்டும் மறக்காதீர்கள். எந்த நேரம் உங்களைப் பயமுறுத்துகிறதோ, பழுது அந்த நேரத்தில்தான் வெளியே வரும். நீங்கள் வசதியான நேரத்தில் போய்த் தேடினால் அது அங்கே இருக்காது.

பேட்டரியைக் கழற்றி வைத்தோம். விசிறி அசையவில்லை. "பாத்தீங்களா, விபூதி வேலை செய்யுது" என்றார் சேகர் அண்ணன். ஆடி வெள்ளிக்கிழமை பூஜை போட்டு, திருஷ்டி கழித்துவிட்டு, பிறகு தொடரலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். பூஜைக்கு வண்டி ஓடியாக வேண்டும். லாரியானாலும் ரிக் ஆனாலும் இங்கே அதுதான் வழக்கம். அதனால் வெள்ளிக்கிழமை காலை பேட்டரியை மறுபடி மாட்டினோம்.

எஞ்சினை ஓட்டினோம். சாவியைத் திருப்பினேன். சமர்த்தாக நின்றது. சக்கரங்களுக்கு ரிக்கின் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தோம். எஞ்சினுக்குச் சந்தனம் வைக்க மூடியைத் திறந்து விட்டோம். அக்கா விசிறிக்கு நேர் எதிரே தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார். அதன் நடுவில் குங்குமம் தடவிய பூசணிக்காய். ஒரு கையில் தட்டு, தட்டில் எலுமிச்சை, பூ, கற்பூரம். விசிறியின் இறக்கைக்குப் பொட்டு வைக்கும் தூரத்தில் நின்று, எப்போதும் போல என்னைச் சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டார்.

"சாமி, வண்டிச் சாவியக் கொண்டா. தட்டுல வெக்கோணும்."

நான் பைலட் கதவைத் திறந்து சாவியை உருவிக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் எஞ்சினின் பின்புறம் ஒரு ஒயர் தொங்குவதைப் பார்த்தேன். நுனியில் சிவப்பு டேப் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது.

"சேகரண்ணா, இது என்ன?"

"மேக்னெட்டோ ஒயருங்க. அக்கா அத்தன பக்கத்துல நிக்கறாங்க. சாவிய நம்பி உட முடியுங்களா? அதான் கழட்டி உட்டுட்டேன்."

எந்த லாரி எலக்ட்ரீசியனும் அதைத்தான் செய்வார். சந்தேகமா, ஒயரைக் கழற்று, டேப் சுற்று, வண்டி செத்துவிடும். இது அக்கறையான கை செய்யும் வேலை. ஆனால் மேக்னெட்டோ வேறு சாதி. அது பேட்டரியைக் கேட்காமல், சுற்றினாலே பொறி உண்டாக்கும். சாவியிலிருந்து வரும் ஒயரின் வேலை அதன் வாயைப் பொத்திப் பிடிப்பது. ஒயரைக் கழற்றினால், பொத்திய கையை எடுத்துவிட்டீர்கள். அதுவரை விசிறி திரும்பியபோதெல்லாம் கால் சுற்றோடு நின்றதற்குக் காரணம் அந்த ஒயர்தான். இப்போது திரும்பினால் நிற்காது. எஞ்சின் காலையில் ஓடிய சூடு வேறு.

இதை எழுத இத்தனை வரி ஆகிறது. அங்கே ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. ஏனென்றால் மேற்கே குழாய் ஊதத் தொடங்கிவிட்டது.

என் பக்கத்தில், திறந்த கதவுக்குள், ஸ்டிக் நகர்ந்தது. யாரும் தொடவில்லை. தூங்குபவர் புரண்டு படுப்பது போல, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வழக்கமாக சீட் பெல்ட்டால் அதைச் சுற்றிக் கட்டி வைப்போம். ஒயரிங் வேலைக்காக பெல்ட்டைக் கழற்றியிருந்தோம். காற்று விமானத்தின் வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பலகைகளை ஆட்ட, அவை ஸ்டிக்கை ஆட்ட, ஸ்டிக்குக்குள்ளே அந்த ஒயர். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கை முதலில் போய்விட்டது. ஸ்டிக்கை நடுவில் இழுத்து, பிடித்துக்கொண்டேன்.

இப்போது அக்கா. 'ஓடுங்க' என்று கத்தலாம். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். ஆனால் கத்தினால் மனிதர்கள் முதலில் திடுக்கிடுவார்கள், பிறகு கத்தியவளைப் பார்ப்பார்கள், பிறகு 'என்ன சாமி' என்று அவளை நோக்கி வருவார்கள். என்னை நோக்கி வரும் நேர்வழியில் இருந்தது விசிறி. அதோடு ரிக் குடும்பத்தில் இருப்பவர்கள் ஆபத்தென்றால் விலகி ஓடுவதில்லை. மெஷினை நிறுத்த அதை நோக்கித்தான் ஓடுவார்கள்.

அவர் கையில் கற்பூரச் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. மற்றொரு கையால் அதை மறைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றேன், சாதாரணமாகப் பேசும் குரலில். "கற்பூரம் அணையப் போகுது. திரும்பாம அப்படியே பின்னாடி போய், சுவத்து மறைவுல வெச்சுக் காமிங்க."

"ஆமா சாமி. அணைஞ்சா நல்லதில்ல."

உடனே போனார். தட்டை நெஞ்சோடு அணைத்து, பின்னடி வைத்து, கோலத்தை மிதித்துக்கொண்டு போனார். அய்யாவுக்கும் சுடரின் மேல்தான் கண். மறைப்பதற்காகத் துண்டை விரித்துக்கொண்டு விசிறியின் முன்னால் குறுக்கே வந்தார்.

"சேகரண்ணா, அய்யாவோட நல்ல கையப் புடிச்சு, அந்தப் பக்கம் இழுங்க."

சேகர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். இழுத்தார். அய்யா, "யோவ், என்னய்யா" என்று தடுமாறிக்கொண்டு விமானத்தின் இறக்கை நுனிக்கு வெளியே போனார்.

முன்னால் யாரும் இல்லை. ஒரு கையால் ஸ்டிக்கைப் பிடித்தபடி, மற்றொரு கையை நீட்டி பெட்ரோல் வால்வை மூடினேன். அந்த நேரம் பார்த்துப் பெருங்காற்று ஒன்று வாலில் அறைந்தது. ஸ்டிக் என் ஒற்றைக் கையை உதறியது.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சாவி என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செருகினேன், திருப்பினேன், மறுபடி திருப்பினேன். ஒரு பலனும் இல்லை. வால்வை மூடியாயிற்று, ஆனால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் தீரும் வரை அது ஓடும். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் கதவோரம் நின்றேன். அவர்கள் சுவரோரம் நின்றார்கள். யாருமற்ற விமானம் எங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், சீராக, காத்திருக்கும் ஒருவரைப் போல. அக்கா நின்ற இடத்தில் காய்ந்துபோயிருந்த கோலப்பொடி ஒவ்வொரு கோடாக மேலே எழும்பி விசிறிக்குள் போயிற்று. தட்டிலிருந்து சிந்திய செவ்வந்தி இதழ்கள் அதன் பின்னாலேயே போயின. மஞ்சள் தூளாக என் முகத்தில் வந்து விழுந்தன. கோழிகள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

பிறகு எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றது. குழாய் மட்டும் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியவர் சேகர் அண்ணன். தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். "கழட்டுனனே... கழட்டுனா சாகோணும்ல?" அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மேக்னெட்டோ எப்படி வேலை செய்கிறது என்று அப்போது நான் விளக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். மறுநாள்தான் படம் வரைந்து காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப இதுல ஒயரு இருந்தா செத்தது, இல்லைன்னா உசுரு. லாரிக்காரன் எவன் நம்புவான்?" நீங்களும் லாரிப் பட்டறைகள் உள்ள ஊரில்தான் வேலை செய்யப் போகிறீர்கள். உதவிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எஞ்சினைத் தொடும் முன் இதைச் சொல்லுங்கள். கவனக்குறைவான ஆளைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை, அவரை நாம் கண்காணிப்போம். வேறு வண்டியில் கற்ற கவனத்தை இதில் காட்டுபவரிடம்தான் பயம்.

ஸ்டிக்கின் அடியில் ஒயரின் தோல், நகத்தால் சுரண்டியது போல உரிந்திருந்தது. ஸ்டிக் சாயும்போதெல்லாம் அந்த இடம் இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. பட்டனை டேஷ்போர்டுக்கு மாற்றினோம். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் கேபிளையே துண்டிக்கும் சுவிட்ச் வைத்தோம். ஸ்டிக்கைக் கட்டாமல் யாரும் இறங்கக் கூடாது. பெட்ரோல் வால்வை மூடாமலும் இறங்கக் கூடாது. அந்தச் சிவப்பு டேப் ஒயரின் துண்டு கொட்டகைக் கதவுக்கு மேல் தொங்குகிறது. வேண்டுதல் என்று நினைத்து அவிழ்த்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அய்யா வெல்டிங் மெஷினை மேற்கே எடுத்துப் போகச் சொன்னார். "அந்த ஓட்டைய அடைச்சு உட்டுருவோம். இனி அந்தச் சத்தம் கேக்கவே கூடாது."

"அடைக்க வேண்டாங்கய்யா" என்றேன்.

"ஏம்மா?"

காற்று மேற்கிலிருந்து வருகிறது. முதலில் குழாயைத் தொடுகிறது, அப்புறம் மரவள்ளிக் காட்டைத் தாண்டி, அப்புறம் விமானத்தின் வாலுக்கு வருகிறது. நடுவில் ஓரிரு மூச்சு நேரம் இருக்கிறது. அன்று பெருங்காற்று வாலுக்கு வந்து சேரும் முன் அக்கா விலகிப் போக நேரம் கிடைத்தது அப்படித்தான். இதைச் சொன்னேன்.

பூங்கொடி அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "அதைத்தான நான் மொதல்லயே சொன்னேன்" என்றார். "அது எத்தன நாளாச் சொல்லீட்டிருந்துச்சு. நமக்குத்தான் கேக்கத் தெரியல."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அப்போது குழாய் ஊதியது. அய்யா, அக்கா, சேகர் அண்ணன், நான், நான்கு பேரும் விமானத்தின் முன்னாலிருந்து விலகினோம். பேட்டரி தனியே பலகை மேல் இருந்தது. ஸ்டிக் கட்டியிருந்தது. விசிறி அசையாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அசையவில்லை. ஆனாலும் சத்தம் ஓயும் வரை யாரும் திரும்பி வரவில்லை.